சேலத்து வீட்டில் மாண்டரின் மீன்: முதலில் இரை, கடைசியில் மீன்

கடல் நீர்த் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் மாண்டரின் மீன் நோய் வந்து சாவது குறைவு. பெரும்பாலும் பட்டினியில்தான் சாகிறது. அதுவும் வேளா வேளைக்குத் தீனி விழுகிற தொட்டியில், மற்ற மீன்கள் கொழுகொழுவென்று திரியும்போது, இது மட்டும் ஒன்றிரண்டு மாதத்தில் வற்றிப்போய் மணலில் ஒதுங்கிவிடும். நாம் போடுவதை அது தீனியாகவே மதிப்பதில்லை. பாறையில் ஊர்கிற கோப்பிபாட் என்னும் பொடி உயிரிகளைப் பொழுதெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றே பழகிய மீன் அது.

அதனால் இந்த வழிகாட்டியில் மீன் வாங்கும் கட்டம் ரொம்பத் தள்ளித்தான் வரும். தொட்டி வைத்து ஆறு மாதம் கழித்து மீன் என்றால் சரி, ஒன்பது மாதம் என்றால் இன்னும் நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் ஒரு ஜோடி கிளவுன் மீன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

மீனைப் பற்றி

அறிவியல் பெயர் சின்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ். ஜப்பானின் ரியூக்கியூ தீவுகளில் தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வழியாக ஆஸ்திரேலியா வரை, மேற்குப் பசிபிக்கின் பவளத் திட்டுகளில் வாழ்கிறது. நம் மன்னார் வளைகுடா மீன் இல்லை. கடைக்கு வருவதெல்லாம் இறக்குமதி. வளர்ந்தால் 6 முதல் 8 சென்டிமீட்டர்.

பெரும்பாலான மீன்களில் தெரியும் நீலம் ஒளிச்சிதறலால் வருவது. மாண்டரினுக்கோ நீல நிறமியே உள்ள செல்கள் இருப்பதை 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். உடம்பில் செதில் கிடையாது. அதற்குப் பதிலாகக் கசப்பும் நாற்றமும் உள்ள கெட்டியான வழும்பு மூடியிருக்கும். கடல் தொட்டிகளில் பரவும் வெள்ளைப்புள்ளி நோய் இதை அவ்வளவாகத் தொடாததற்கு அந்த வழும்பு ஒரு காரணம். அதற்காக வரவே வராது என்று இருந்துவிடக் கூடாது.

படி 1: தொட்டியும் ஸ்டாண்டும்

300 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரம் என்றால் கணக்கு அங்கே வந்துவிடும். சின்னத் தொட்டியிலும் இந்த மீன் நீந்தும், இடம் போதாமல் தவிக்காது. ஆனால் அந்த அளவுப் பாறையில் பெருகும் கோப்பிபாட்களை ஒரே மீன் சில வாரத்தில் துடைத்துவிடும். கீழே ஒரு சம்ப் தொட்டி, அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே ஏறும் இரண்டாம் தொட்டி, கட்டாயம். அதில் ஒரு அறையை ரெஃப்யூஜியமாக, அதாவது மீன் நுழையாமல் இரை பெருகும் இடமாக, ஒதுக்க வேண்டும். அதன் வேலை பின்னால் வருகிறது.

தண்ணீர், பாறை, கண்ணாடி, சம்ப் எல்லாம் சேர்ந்தால் அரை டன் நெருங்கும். மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, பீமுக்கு மேலே வையுங்கள். ஸ்டாண்டுக்கு நம் ஊரில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. உருக்காலை இருக்கிற ஊர் என்பதால் எல்லோரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். உப்புத் தெறிப்பு பட்டால் அதிலும் பழுப்புக் கறை விழும். பவுடர் கோட்டிங் அடித்த இரும்புக் குழாய் போதும், வெல்டு வைத்த இடங்களில் மட்டும் இரண்டு கை எப்பாக்ஸி பூசச் சொல்லுங்கள்.

மேலே கண்ணி சிறிய வலை மூடி போடுங்கள். இந்த மீன் தரையோடு தவழ்வதுதான், ஆனாலும் இரவில் திடுக்கிட்டால் துள்ளும்.

படி 2: தண்ணீர்

சேலத்தில் வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்று மேட்டூர் தண்ணி, இன்னொன்று போர். மேக்னசைட் வெட்டியெடுக்கிற மண் இது, போர் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெரு போரில், தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 1,400 காட்டும், மேட்டூர் தண்ணீரில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஆர்.ஓ., அதற்குப் பிறகு மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் என்று இரண்டையும் தாண்டி, மீட்டரில் 0 காட்டிய பிறகுதான் தொட்டிக்குப் போக வேண்டும். போர் தண்ணீரை விட்டால் மெம்பிரேன் சீக்கிரம் அடைக்கும், ரெசின் மாதக் கணக்கில் வராமல் வாரக் கணக்கில் தீரும். மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம்மில் பிடித்துவைத்து அதை ஓட்டுவதுதான் சிக்கனம். அதில் குளோரின் இருக்கும், மெம்பிரேனை அரித்துவிடும். அதனால் முன்னால் இருக்கும் கார்பன் பில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். கழிவாக வெளியேறும் தண்ணீரை வாசல் தெளிக்க, கழுவ வைத்துக்கொள்ளலாம்.

குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் தண்ணீர் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அவற்றில் பல, ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கின்றன. சில மாடல்களில் செம்பும் சேர்கிறது. செம்புதான் இந்தத் தொட்டிக்கு முதல் எதிரி. நமக்கு ஒன்றும் செய்யாத அளவே கோப்பிபாட்களையும் பவளங்களையும் கொன்றுவிடும். செம்புக் குடத்தில் பிடித்த தண்ணீர், பித்தளை வால்வு, கையில் செம்புக் காப்பு எதுவும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது.

கடல் தொட்டிக்கென்று விற்கும் ரீஃப் உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் பிடிக்கும், 300 லிட்டருக்கு 11 கிலோ சுமாராக. கரைத்து, பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். கடலூரிலிருந்தோ பாண்டியிலிருந்தோ கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கரையோரத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வைத்திருக்க வேண்டிய அளவுகள்: வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பி.எச். 8.1 முதல் 8.4, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (சோதனைக் கிட்டில் வரும் அலகு), கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0. நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கட்டும். அதை முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டாம், பாறையில் பாசிப் படலம் இருந்தால்தான் கோப்பிபாட்டுக்குச் சோறு.

படி 3: பாறை

காய்ந்த அரகோனைட் பாறை அல்லது செயற்கைச் செராமிக் பாறை 25 முதல் 35 கிலோ. அடுக்கும்போது அழகைவிட இடுக்குகள் முக்கியம். பொடிக் கற்களைக் குவித்த ஒரு மூலை இருந்தால் கோப்பிபாட்கள் மீனுக்குச் சிக்காமல் அங்கே முட்டையிட்டுப் பெருகும்.

பாறைக்காக ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஆள் பிடிக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் இருக்கின்றன. நம் கடலில் எடுத்த பவளத்தையோ பவளப் பாறையையோ வைத்திருப்பதே குற்றம். இறக்குமதி என்று சொல்லி விற்றால் காகிதம் கேளுங்கள், காட்டவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். மாண்டரினுக்குப் பவளம் கட்டாயம் ஒன்றுமில்லை, உயிருள்ள பாறைப் பரப்பு இருந்தால் போதும்.

பாறை, மணல், தண்ணீர் சேர்ந்ததும் அம்மோனியா ஏறி இறங்கி நைட்ரேட்டாக மாறும் சுழற்சிக்கு நான்கு முதல் ஆறு வாரம். பிறகு பழுப்புப் பாசி வரும், போகும், பச்சைப் படலம் வரும். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியைச் சுரண்டாதீர்கள்.

படி 4: வெயிலும் கரண்டும்

ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 39 என்று அடிக்கும்போது மாடி அறை 35-ஐத் தொடும். விளக்கு, பம்ப் சூடு சேர்ந்தால் தொட்டி அதற்கும் மேலே போகும். மலிவான வழி, தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்றடிக்கும் சின்ன ஃபேன்கள். நம் கோடை வறண்ட கோடை என்பதால் ஆவியாதல் நன்றாக நடந்து 2 முதல் 4 டிகிரி வரை இறக்கும். ஐப்பசி ஈரத்தில் அதே ஃபேன் பாதி வேலைகூடச் செய்யாது. ஃபேன் ஓடினால் தினமும் சில லிட்டர் ஆவியாகும். அதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் மட்டும், உப்பு கலக்காமல். தானாக நிரப்பும் மிதவை ஒன்று வைத்தால் நிம்மதி.

கோடையில் ஃபேன் மட்டும் போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் கால் ஹெச்.பி. சில்லர் வைக்கலாம், இல்லை அந்த அறைக்கே ஒரு டன் ஏ.சி. போடலாம். சில்லரை அடைத்த கேபினட்டுக்குள் வைத்தால் அது கக்கும் சூட்டை அதுவே திரும்ப உறிஞ்சும். காற்றோட்டமான இடம் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே ராத்திரி ஏ.சி. ஓடும் அறை இருந்தால் தொட்டியை அங்கேயே வைத்துவிடுவது என் கட்சி.

மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் வந்தால் காலை 9 முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், தொட்டிக்குள் அலை கிளப்பும் ஒரு வேவ் மேக்கர் இரண்டும் சேர்ந்து 60 வாட்டுக்குள் இருந்தால், 150 ஏ.எச். பேட்டரி அந்தப் பகலைத் தாங்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மற்றதில் பம்ப் உறுமும், சூடேறும். சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்காதீர்கள். முந்தின நாளே ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, வெப்பம் 28-ஐத் தாண்டும்போது மூடியை இறுக்கிச் சம்ப்பில் மிதக்கவிடுங்கள். 350 லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் மூன்று போட்டால் ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாமல் ஒன்றொன்றாகப் போடுங்கள்.

ஏற்காட்டில் வைப்பவர்களுக்கு

மேலே சில்லர் செலவு பெரும்பாலும் மிச்சம், பதிலுக்கு ஹீட்டர் வேண்டும். மார்கழி இரவுகளுக்கு 300 வாட் ஹீட்டர் ஒன்றைவிட 150 வாட் இரண்டு பாதுகாப்பானது, ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். மீன் எண்ணிக்கையைக் குறைத்து, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரையும் மேற்பரப்பு அலையையும் கூட்டுங்கள்.

மழைத் தண்ணீர் சுத்தம்தானே என்று ஓட்டிலிருந்து பிடித்து ஊற்றுவது அங்கே சகஜம். காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை அடிப்பார்கள், அது மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. மழைத் தண்ணீரானாலும் டி.ஐ. தாண்டித்தான் வர வேண்டும்.

படி 5: இரை வளர்ப்பு

இந்த வேலை ஒழுங்காக நடந்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மீன் பிழைக்கும்.

பழுப்புப் பாசி அடங்கியதும், ஏறக்குறைய இரண்டாம் மாதக் கடைசியில், உயிருள்ள கோப்பிபாட் கல்ச்சர் (அவற்றைப் பெருக்கி வைத்த தண்ணீர்) வாங்குங்கள். டிஸ்பே வகை நல்லது. சின்ன உடம்பு, பாறையிலேயே ஒட்டி வாழும், வேகமாகப் பெருகும். விளக்கை அணைத்து, பம்ப்பை நிறுத்தி, பாதியைப் பாறை இடுக்கிலும் பாதியை ரெஃப்யூஜியத்திலும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பம்ப் போட்டால் போதும். மாதத்துக்கு ஒரு முறை, இன்னும் இரண்டு தடவை இதைச் செய்யுங்கள்.

ரெஃப்யூஜியத்தில் கீட்டோமார்ஃபா பாசி ஒரு கைப்பிடி. சிக்கல் விழுந்த பச்சை நைலான் நூல் மாதிரி இருக்கும், கோப்பிபாட்களுக்கு அதுவே வீடு. அதன் விளக்கை இரவில் எரியவிட்டால், பகலில் மேல் தொட்டி விளக்கும் இரவில் இதுவுமாக பி.எச். ஒரே சீராக நிற்கும். வாரத்துக்கு ஒரு முறை பாசியை மெதுவாக உதறி, உதிர்வதை மேல் தொட்டியில் ஊற்றுங்கள். சம்ப்பில் வடிகட்டும் துணிப்பை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், உங்கள் இரையை அதுதான் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறது.

வெளியே தனியாக ஒரு கல்ச்சரும் வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனின் கழுத்தை வெட்டி, 15 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஏர் பம்ப் குழாயை, நுனியில் குமிழிக் கல் மாட்டாமல், அப்படியே விடுங்கள். நொடிக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழி வந்தால் போதும், பொடிக் குமிழி கோப்பிபாட்டுக்கு ஆகாது. தீனி, நானோகுளோராப்சிஸ், டெட்ராசெல்மிஸ், ஐசோகிரைசிஸ் போன்ற நுண்பாசித் தண்ணீர். கேனுக்குப் பின்னால் விரலை வைத்தால் மங்கலாகத் தெரிகிற பச்சை சரியான அளவு. விரலே தெரியாவிட்டால் அதிகம், ராத்திரியோடு அழுகிவிடும். பச்சை வெளிறினால் அடுத்த வேளை. வெயில் காலத்தில் வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள், 30 டிகிரிக்கு மேல் டிஸ்பே திணறும். இரண்டு கேனாக, வேறு வேறு அறையில் வைத்தால் ஒன்று கெட்டாலும் விதை மிஞ்சும்.

இரண்டு, மூன்று வாரத்தில் அறுவடை. 53 மைக்ரான் சல்லடையில் கால் பங்குத் தண்ணீரை வடித்து, சிக்கியதைத் தொட்டிக்கு, குறைந்த தண்ணீருக்குப் புதிது.

சரி, மீனுக்குப் போதுமான இரை சேர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சைக் கண்ணாடியில் சாய்த்து அடியுங்கள். உப்புத் துகள் அளவில் வெள்ளைப் புள்ளிகள் நகரும், விட்டு விட்டுத் துள்ளும். உள்ளங்கை அகலக் கண்ணாடியில், எந்தப் பக்கம் பார்த்தாலும், எண்ணி முடிக்க முடியாமல் தடுமாறும் அளவுக்கு இருக்க வேண்டும். தேடிப் பிடித்து நான்கைந்து என்றால் இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள்.

படி 6: கூட்டாளிகள்

சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீன் உள்ள தொட்டியில் மாண்டரின் வேண்டவே வேண்டாம். அதே இரையை அதைவிட வேகமாகத் தின்னும், துரத்தவும் செய்யும். ஸ்கூட்டர் டிராகனெட், பைப் மீன் இவையும் பங்காளிகள்தான். கார்ப்பெட் அனிமோன் மாண்டரினைப் பிடித்து விழுங்கும். கிளவுன் மீன், சின்ன கோபி, ஃபயர்ஃபிஷ் இருக்கலாம். இரண்டு ஆண் மாண்டரின் ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்று சாகும் வரை சண்டை. முதல் முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டு கொடி போல நின்றால் ஆண்.

படி 7: மீன் வாங்குவது

பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்ந்த மாண்டரின் கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். அவை சிறு வயதிலேயே உறைந்த தீனிக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்ததுதான் கிடைக்கிறது என்றால் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது கடைக்காரரிடம் மேலிருந்து எடுத்த வீடியோ கேளுங்கள். பக்கவாட்டுப் படத்தில் வண்ணம்தான் தெரியும், மெலிவு தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கக் கூடாது. பக்கவாட்டில் வயிறு உள்வாங்கி, நடுக்கோட்டில் எலும்பு வரப்பு போலத் தெரிந்தால் அது பாதி வழி போன மீன். பிலிப்பைன்ஸில் சில இடங்களில் ஊசி போன்ற சின்ன ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள். முதுகிலும் வால் பக்கமும் ஊசித் துளை, வெள்ளைத் தழும்பு இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, ஐந்து நிமிடம் நின்று, பாறையைக் கொத்துகிறதா என்று கவனியுங்கள். சும்மா கிடக்கும் மீனை எடுக்க வேண்டாம்.

பிடிக்கும்போது வலை கூடாது. இதன் செவுள் மூடியில் கொக்கி போல ஒரு முள் உண்டு, வலையில் மாட்டினால் பிய்த்து எடுப்பதற்குள் வழும்பும் தோலும் உரியும். டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து வருவதென்றால் ராத்திரிப் பயணம், தெர்மாகோல் பெட்டி. பேருந்தில் இன்ஜின் சூடு படும் டிக்கியில் போடாமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே அரை மணி நேரம் சம்ப்பில் மிதக்கவிடுங்கள். பை பல மணி நேரம் மூடிக் கிடந்ததால் உள்ளே அம்மோனியா சேர்ந்திருக்கும். திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா நச்சாகும். திறந்த பிறகு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது இதனால்தான் ஆபத்து. பைத் தண்ணீரின் உப்பளவைக் கடையில் முன்கூட்டியே கேட்டு, தனி வாளியில் அதே அளவில் தண்ணீர் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பையைத் திறந்ததும் மீனை அதற்கு மாற்றி, அங்கிருந்து தொட்டியின் அளவுக்கு நிதானமாகக் கொண்டுவாருங்கள். அன்று தொட்டி விளக்கு எரிய வேண்டாம்.

வெறும் கண்ணாடித் தொட்டியில் மாதக் கணக்கில் தனிமைப்படுத்தினால் இது பட்டினியில் போய்விடும். செம்பு மருந்தும் இதற்குக் கடுமை. பாறையும் கோப்பிபாட்டும் உள்ள சின்ன இரண்டாம் தொட்டி இருந்தால் அங்கே வைத்துக் கவனியுங்கள். இல்லையென்றால், மற்ற மீன்கள் எல்லாம் நோயில்லாமல் இரண்டு மாதமாவது தாண்டியிருக்க வேண்டும்.

படி 8: முதல் இரண்டு மாதம்

தினமும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பாருங்கள், வாரம் ஒரு படம் மேலிருந்து எடுங்கள். இரவில் டார்ச் அடித்தால் நிறம் வெளிறி, சளி மூடியது போல் தெரியலாம், பயப்பட ஒன்றுமில்லை.

கோப்பிபாட் எவ்வளவு இருந்தாலும் உறைந்த தீனி பழக்குவது நல்லது. வாய் சின்னதாக உள்ள ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவி மணலில் படுக்கவைத்து, ஒரு குழாய் வழியாக உள்ளே உயிருள்ள ஆர்ட்டீமியா என்னும் பொடி உப்புநீர் இறாலின் குஞ்சுகளை விடுங்கள். பெரிய மீன்கள் உள்ளே நுழையாது, மாண்டரின் தவழ்ந்து போய் நிதானமாகத் தின்னும். ஆர்ட்டீமியா முட்டை நம் ஊர் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிந்து சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதில் சத்து, பிறகு நுண்பாசித் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். தினமும் அதே பாட்டில், அதே நேரம். பாட்டிலைப் பார்த்ததும் மீன் வர ஆரம்பித்த பிறகு, ஆர்ட்டீமியாவோடு உறைந்த சைக்ளாப்ஸ் (இதுவும் ஒரு கோப்பிபாட்தான்) அல்லது மீன் முட்டையைக் கொஞ்சம் கலந்து, வாரத்துக்கு வாரம் பங்கை மாற்றுங்கள். சில மீன் பத்து நாளில் பழகும், சில கடைசி வரை திரும்பிப் பார்க்காது. பழகாத மீனுக்கு கேன் கல்ச்சர்தான் வாழ்நாள் முழுக்கச் சோறு.

வயிறு வற்றத் தொடங்கினால்

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக் கூடாது. தொட்டிக்குள்ளேயே மாட்டும் குஞ்சுப் பெட்டியில் மீனை டம்ளரால் மாற்றி, ரெஃப்யூஜியத்துப் பாசி ஒரு கொத்தும் பொடிக் கல் நாலும் உள்ளே போடுங்கள். கேனில் இருக்கும் அறுவடை முழுவதையும் அதில் ஊற்றுங்கள், விதைக்கு மட்டும் கொஞ்சம் வைத்துக்கொண்டு. சத்தூட்டிய ஆர்ட்டீமியா ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை, வேளைக்குக் கொஞ்சமாக. நிறைய போட்டால் பெட்டிக்குள் தண்ணீர் கெடும். தின்றால் இரண்டு வாரத்தில் முதுகு வரப்பு மறையும். அதற்குள் வயிறு ஏறவில்லையென்றால், முதிர்ந்த பெரிய தொட்டியும் நிறைந்த ரெஃப்யூஜியமும் வைத்திருக்கிற யாராவது தெரிந்தவரிடம் மீனைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தொட்டியில் கண்ணாடிப் புள்ளிகள் பழைய கணக்குக்குத் திரும்பும் வரை அடுத்த மாண்டரினுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.